இணையத்தளம் குடிபெயரும் முறை

ஏட்டுச் சுவடிகளில் இருந்த தமிழ் நூல்கள் அச்சேறிய வரலாறு நம்மவர் நன்கறிந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்து வெளியிட்டார்கள். அவர்கள் போன்ற பதிப்பாசிரியர் செய்த பணி, ஏட்டிற் கண்டதை அப்படியே அச்சுக் கோத்தல் அன்று. ஏடுகளிற் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வரிவடிவில் வேறுபாடு காட்டப்படுவதில்லை. ஏட்டை எழுதியோரும், அவரிடம் அமர்ந்து பாடங் கேட்டோரும் அவ்வேறுபாடுகளைத் தம் மனத்திலிருந்தே நிரப்பிக்கொண்டனர். அந்நூல் முன்பின் அறியாத வாசகர் கைக்குச் செல்லவேண்டியபோதுதான் மனத்தில் மட்டும் இருந்தவை யாவும் எழுத்தில் இடம்பெறல் வேண்டியதாயிற்று.

இற்றை நாளில் ஒருவர் தம் கணினியில் ஆக்கிய இணையத்தளத்தை, உலகோர் யாவரும் காணக்கூடிய சேவையகத்துக்கு மாற்றுதலும் இதனை ஒத்த செயலே. சொந்தக் கணினியிற் குறைவின்றி இயங்கிய தளம், வெளிச் சேவையகத்துக்குச் சென்றவுடன் படங்கள் காணாமலும், இணைப்புகள் அறுந்தும், எழுத்துக்கள் சிதைந்தும் நிற்பதை இத்துறையிற் புகுந்த மாணவர் பலர் கண்டிருப்பர். 'நேற்று வரை நன்றாக இருந்ததே' என அவர் மயங்குவர். நேற்று வரை நன்றாக இருந்தமைக்குக் காரணம் தளத்தின் நிறைவு மட்டும் அன்று. அது குடியிருந்த வீடு, கேளாமலே பலவற்றைக் கொடுத்துவந்தமையும் ஆகும். அவ்வாறு கொடுக்கப்பட்டவை எவை என்று தேர்ந்து, அவற்றை வெளிப்படையாக எழுதி வைத்தலே குடிபெயர்த்தற் கலையின் சாரம். இதனைச் சில உதாரணங்களால் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீடும் வெளியும்

இணையத்தளம் ஒன்றனை ஆராய்வோமாயின் அதன்கண் மூன்று உறுப்புக்கள் உளவாதலைக் காணலாம். முதலாவது கோப்புக்கள்: பக்கங்களின் அமைப்பு, படங்கள், பிஎச்பி முதலிய மொழிகளில் எழுதப்பட்ட நிரல்கள் ஆகியன. இரண்டாவது தரவுத்தளம்: கட்டுரைகளின் வாசகம், தலைப்பு, திகதி, பயனர் பெயர் முதலியன அட்டவணைகளாக அடுக்கப்பட்டிருக்கும் களஞ்சியம். மூன்றாவது முகவரி: அத்தளத்தை உலகோர் அழைக்கும் பெயர். இம்மூன்றும் வெவ்வேறு வழிகளாற் குடிபெயர்வன. ஆதலின் ஒவ்வொன்றுக்கும் உரிய பிழையும் வெவ்வேறாகும்.

தளத்தை ஆக்குவோர் தம் கணினியிலேயே ஒரு சிறு சேவையகத்தை அமைத்துக்கொள்வது வழக்கம். 2002 ஆம் ஆண்டு முதல் வெளிவரும் எக்ஸாம்ப் என்னும் தொகுதி, அப்பாச்சி என்னும் சேவையக மென்பொருளையும், தரவுத்தளத்தையும், பிஎச்பி மொழியையும் ஒருசேர நிறுவித் தருவது. அதனை நிறுவியபின் உலாவியில் 'லோக்கல்ஹோஸ்ட்' என எழுதினால், கணினி வெளியே செல்லாது தன்னையே அழைத்துக்கொள்ளும். அப்பெயருக்கு வழமையாக உரிய எண் முகவரி 127.0.0.1 என்பதாகும். உலகிலுள்ள எந்தக் கணினியில் இருந்து இவ்வெண்ணை அழைத்தாலும் அக்கணினியே விடைதரும். அஃதாவது 'லோக்கல்ஹோஸ்ட்' என்பது ஓரிடத்தின் பெயரன்று. 'இங்கே' என்னும் சுட்டுச்சொல் போல்வது. கொழும்பில் இருப்பவர் 'இங்கே' என்பது கொழும்பையும், வவுனியாவில் இருப்பவர் 'இங்கே' என்பது வவுனியாவையும் குறித்தல் போல, சொல்வோர் மாறப் பொருளும் மாறும். ஆக்குநர் தம் தளத்தினுள் ஓரிடத்தில் 'இங்கேயுள்ள படம்' என எழுதிவிடின், வெளியூர் வாசகரின் உலாவி அப்படத்தை வாசகரின் கணினியிலேயே தேடும். காணாது வெற்றிடத்தைக் காட்டும்.

வீட்டுக்கும் வெளிக்கும் இடையே இவ்வேறுபாடு தோன்றாத காலமும் ஒன்று இருந்தது. 1990 ஆம் ஆண்டின் இறுதியில், சுவிற்சர்லாந்தில் ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்ணேர்ஸ்-லீ என்பார் உலகின் முதலாவது இணையத்தளத்தை அமைத்தபோது, அவர் நாளும் பயன்படுத்திய நெக்ஸ்ட் கணினியே சேவையகமாகவும் இருந்தது. இது சேவையகம், இதனை நிறுத்தவேண்டா என்னும் கருத்துப்பட ஆங்கிலத்தில் ஒரு குறிப்பைச் சிவப்பு மையால் எழுதி அதன்மேல் ஒட்டி வைத்திருந்தனர். ஒருவர் மேசைமேலுள்ள கணினி நிறுத்தப்படின் உலகத் தளமே மறைந்துவிடும் என்னும் அச்சமே அக்குறிப்புக்குக் காரணம். ஓயாது இயங்குவதும், மின்தடைக்கு அஞ்சாததும், பலர் ஒரே வேளையில் அழைப்பினும் விடையிறுப்பதுமான ஓரிடத்துக்குத் தளத்தை மாற்றவேண்டியதன் தேவை அச்சிறு தாளிலேயே தோன்றிவிட்டது எனலாம்.

கோப்புக்களை மாற்றுதல்

கோப்புக்களை மாற்றுதல் மூன்றனுள்ளும் எளியது. எப்ரிபி எனப்படும் கோப்பு இடமாற்ற நெறிமுறையை 1971 ஆம் ஆண்டில் அபய் பூஷண் என்னும் இந்திய அறிஞர் வகுத்தார். அது கடவுச்சொல்லையும் மறைப்பின்றி அனுப்புவது. ஆதலின் இன்று மறையீடு செய்து அனுப்பும் எஸ்எப்ரிபி முறையைக் கைக்கொள்ளுதலே தக்கது. எவ்வழி அனுப்பினும் மூன்று விடயங்களிற் கருத்தூன்றல் வேண்டும்.

முதலாவது, ஆங்கிலப் பேரெழுத்துக்கும் சிற்றெழுத்துக்கும் உள்ள வேறுபாடு. விண்டோஸ் முறைமை கோப்பின் பெயரில் இவற்றை வழமையாக ஒன்றாகவே கொள்ளும். சேவையகங்களிற் பெரிதும் பயிலும் லினக்ஸ் முறைமை இவற்றை வேறுவேறாகக் கொள்ளும். கமெராவிலிருந்து வந்த படத்தின் பெயர் பேரெழுத்தில் முடிய, பக்கத்தில் அதனைச் சிற்றெழுத்தில் எழுதியிருப்பின், வீட்டில் அப்படம் தோன்றும், வெளியில் தோன்றாது. எழுதியவர் செய்த பிழையை விண்டோஸ் பொறுத்துக்கொண்டது. லினக்ஸ் பொறுத்திலது என்பதே உண்மை.

இரண்டாவது, மறைந்திருக்கும் கோப்புக்கள். பெயரின் முதலிற் புள்ளி பெற்ற கோப்புக்களைச் சில முறைமைகள் பட்டியலிற் காட்டுவதில்லை. அப்பாச்சி சேவையகத்துக்கு வழிகாட்டும் 'எச்ரி-அக்செஸ்' என்னும் கோப்பு அத்தகையது. கண்ணுக்குத் தோன்றுவனவற்றை மாத்திரம் எடுத்துச் சென்றோர் அதனை வீட்டிலேயே விட்டுவிடுவர். முகப்புப் பக்கம் திறக்க, உட்பக்கங்கள் மாத்திரம் 'காணப்படவில்லை' என்னும் விடையைத் தருமாயின், இக்கோப்பையே முதலில் ஐயுறல் வேண்டும்.

மூன்றாவது, அனுமதி. லினக்ஸ் முறைமையிற் படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என மதிப்பிட்டு, உரிமையாளர், குழுவினர், பிறர் என்னும் மூவருக்கும் மூன்று இலக்கங்களால் அனுமதி குறிப்பர். கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644 என்பது பொதுவாக ஏற்ற அளவாகும். ஏதேனும் இடர் நேர்ந்தவுடன் 777 என யாவர்க்கும் யாவும் இயற்றும் அனுமதியை அளித்துவிடுவார் உளர். அது கதவின் பூட்டுத் திறக்கவில்லை என்று கதவையே கழற்றி வைத்தலை ஒக்கும்.

தரவுத்தளத்தை மாற்றுதல்

தரவுத்தளம் கோப்புக்களைப்போல் எடுத்துவைக்கத் தக்கதன்று. அதன் உள்ளடக்கம் முழுவதையும் கட்டளைகளாக ஒரு கோப்பில் எழுதுவித்து, அக்கோப்பைப் புதிய இடத்தில் மீள இயக்கி, அட்டவணைகளைப் புதிதாகப் பிறப்பித்தல் வேண்டும். ஏற்றுமதி, இறக்குமதி என இதனை வழங்குவர். மெய்யான இடர்கள் தோன்றுமிடம் இதுவே.

ஓர் இடர் பழைய முகவரியைப் பற்றியது. 2003 ஆம் ஆண்டில் வெளிவந்து இன்று உலகெங்கும் பரந்து வழங்கும் வேர்ட்பிரஸ் மென்பொருள், தளத்தின் முகவரியைத் தரவுத்தளத்தினுள்ளே பல இடங்களிற் பதிந்து வைக்கும். அவ்விடங்களில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்பதைப் புதிய பெயராக மாற்றல் வேண்டும். கட்டளைக் கோப்பை ஓர் எழுதியில் திறந்து, பழைய பெயர் வருமிடமெல்லாம் புதிய பெயரைப் பெய்துவிடலாம் என மாணவர் எண்ணுவர். சில இடங்களில் இது கேடு விளைக்கும். காரணம், பிஎச்பி மொழி சில தொகுதிகளைப் பதியும்போது ஒவ்வொரு சொற்றொடருக்கும் முன்னே அதன் நீளத்தையும் எண்ணி எழுதி வைப்பதாகும். 16 எனக் குறித்தபின் பதினாறு எழுத்துக்கொண்ட பழைய முகவரி இருக்கும். அதனை நீக்கி இருபத்தொரு எழுத்துக்கொண்ட புதிய முகவரியைப் பெய்தால், முன்னுள்ள எண் 16 ஆகவே நிற்கும். கணக்குப் பிழைத்தமை கண்ட நிரல் அத்தொகுதியையே படிக்கமாட்டாது தள்ளிவிடும். பத்தி அமைப்பும் பட்டியல்களும் திடீரென மறைதற்கு இது காரணமாம். எனவே எண்ணையும் உடன் திருத்தவல்ல கருவிகளையே பயன்படுத்தல் வேண்டும். டபிள்யூபி-சிஎல்ஐ என்னும் கருவியின் தேடி மாற்றும் கட்டளை அத்தகையது.

இந்நீளம் எழுத்தின் தொகையன்று, பைட்டின் தொகை என்பது தமிழர் சிறப்பாகக் கருதத்தக்கது. 'தமிழ்' என்னும் சொல் இலக்கண நூலார் கணக்கில் மூன்றெழுத்து. ஒருங்குறி முறையில் மெய்க்குரிய புள்ளியும் உயிர்மெய்க்குரிய குறியும் தனித்தனி எண்ணப்படுதலின் அது ஐந்து குறியீடு. யூரிஎப்-8 முறையிற் பதியும்போது தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுப் பெறுதலின் அதுவே பதினைந்து பைட்டாகும். மூன்று, ஐந்து, பதினைந்து என ஒரு சொல்லுக்கே மூன்று அளவுகள் உளவாதலை அறியாதார் கையால் எண்ணித் திருத்த முயன்று இடர்ப்படுவர்.

மற்றோர் இடர் எழுத்துக்களையே அழிக்கவல்லது. இதனை நான் கண்கூடாகக் கண்டேன். ஒரு பாடசாலையின் மாணவர் மன்றத்தினர், மன்றத்தின் பழைய மலர்களில் வந்த கட்டுரைகளை ஏறத்தாழ ஓராண்டாகத் தட்டச்சுச் செய்து, தாமே பிஎச்பி மொழியில் ஆக்கிய தளத்திற் சேர்த்துவைத்தனர். அம்மலர்களுட் சில கறையான் அரித்தவை. படியெடுத்து முடிந்தபின் தாள்கள் உதிர்ந்தன. தளத்தை வெளிச் சேவையகத்துக்கு மாற்றிய அன்று யானும் உடனிருந்தேன். முகப்புத் திறந்தது, படங்களும் தோன்றின. ஆயின் கட்டுரை இருக்கவேண்டிய இடமெங்கும் வரிவரியாக வினாக்குறிகளே நின்றன. அப்பிள்ளைகளின் முகத்தை நோக்க எனக்கு மனம் வரவில்லை.

நிகழ்ந்தது யாதெனின், அட்டவணைகளைப் பிறப்பிக்கும் கட்டளையில் எந்த எழுத்துமுறையிற் பதியவேண்டும் என்பதை அவர் எழுதியிருந்திலர். வீட்டுக் கணினியின் தரவுத்தளம், சொல்லாதவிடத்து யூரிஎப்-8 எனக் கொள்ளுமாறு அமைக்கப்பட்டிருந்தது. ஆகவே குறை தோன்றிலது. புதிய சேவையகத்தில் இருந்ததோ மைஎஸ்கியூஎல் மென்பொருளின் பழைய பதிப்பு. அம்மென்பொருள் சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்றிற் பிறந்தது. 2018 ஆம் ஆண்டில் வெளியான 8.0 ஆம் பதிப்பு வரையும், சொல்லாதவிடத்து அது மேலைநாட்டு எழுத்துக்களுக்குரிய இலத்தீன்-1 முறையையும் சுவீடிஷ் அகரவரிசையையும் கொண்டது. அம்முறையில் தமிழெழுத்துக்கு இடமே இல்லை. இடமில்லாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஈடாக அது ஒரு வினாக்குறியை இட்டுச் சென்றது.

எழுத்துச் சிதைவு இருவகைப்படும் என்பதை ஈண்டு அறிந்துகொள்ளல் நலம். தமிழுக்குப் பதிலாக, தலையிற் கோடுபெற்ற ஆங்கில 'ஏ' எழுத்தும் வட்டத்துள் அகப்பட்ட 'ஆர்' குறியும் மாறிமாறித் தோன்றுமாயின் அஞ்சவேண்டுவதில்லை. பெரும்பாலும் பைட்டுகள் பழுதின்றி உள. படிக்கும் முறையே தவறு. முறையைத் திருத்தத் தமிழ் மீளும். வினாக்குறியே பதிவாகிவிட்டதாயின் நிலை வேறு. அவ்விடத்தில் இருந்தது அகரமோ றகரமோ என்பதை அறிய அப்படியில் யாதொரு வழியும் இல்லை. மூலத்துக்கு மீளுதல் ஒன்றே வழி.

அம்மாணவருக்கு மூலம் எஞ்சியிருந்தது. ஆய்வுகூடக் கணினிகளை அடுத்த தவணைக்காகத் துடைத்துப் புதுக்கும் பணி அன்று பிற்பகலே நடைபெற இருந்தது. 'வெளியிற் சரியாகத் தெரிந்த பிறகு துடைப்போம், ஐயா' என்று ஒரு மாணவி காலையிற் பொறுப்பாசிரியரைக் கேட்டுக்கொண்டமையால் அக்கணினி ஒன்று மாத்திரம் தொடப்படாது நின்றது. கட்டளையில் எழுத்துமுறையை வெளிப்படையாக எழுதி மீளவும் மாற்றினோம். மாலையிற் கட்டுரைகள் யாவும் தமிழாகவே தோன்றின. ஓராண்டு உழைப்பைக் காத்தது தொழினுட்ப அறிவன்று, அவசரப்படாமை.

முகவரியை மாற்றுதல்

கோப்பும் தரவும் சென்றடைந்தபின், பெயரைக் கேட்போர் புதிய இடத்துக்கு வருமாறு செய்தல் வேண்டும். முற்காலத்தில் வலையமைப்பிலுள்ள கணினிகளின் பெயரும் எண்ணும் அமெரிக்காவில் ஸ்ரான்போர்ட் ஆய்வு நிறுவனத்தில் ஒரே பட்டியலாகப் பேணப்பட்டன. ஏனையோர் அதனைப் படியெடுத்து வைத்துக்கொண்டனர். கணினிகள் பெருகவே அம்முறை தாங்காதாயிற்று. 1983 ஆம் ஆண்டிற் போல் மொக்கபெற்றிஸ் என்பார் ஆள்களப் பெயர் முறைமையை வகுத்தார். ஒவ்வோர் ஆள்களமும் தன் பெயர்களைத் தானே பேண, வினவுவோர் படிப்படியாக வினவி எண்ணை அறிவர். இலங்கைக்குரிய ஆள்களப் பெயர் 'எல்கே' என்பது. 2010 ஆம் ஆண்டு முதல் '.இலங்கை' எனத் தமிழிலேயே எழுதும் ஆள்களமும் நமக்கு உண்டு.

வினவி அறிந்த விடையை இடைநிற்கும் கணினிகள் சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். அக்கால அளவு பல இடங்களில் 86,400 வினாடி, அஃதாவது ஒரு நாள், எனக் குறிக்கப்பட்டிருக்கும். எண்ணை மாற்றிய பின்னும் சிலர் பழைய இடத்தையே சென்றடைவது இதனால். மாற்றுதற்கு இரண்டொரு நாள் முன்பே அவ்வளவை 300 வினாடியாகக் குறைத்துவைப்பின் தடுமாற்றம் பெரிதும் குறையும்.

பெயரை மாற்றுமுன் புதிய தளத்தைச் சோதித்தற்கும் வழியுண்டு. ஒவ்வொரு கணினியிலும் 'ஹோஸ்ட்ஸ்' என்னும் சிறு கோப்பு இன்றும் உளது; முன் கூறிய பழைய பட்டியலின் எச்சம் அது. அதில் தளத்தின் பெயரையும் புதிய எண்ணையும் எழுதினால், அக்கணினிக்கு மாத்திரம் அப்பெயர் புதிய இடத்தைக் குறிக்கும். உலகம் அறியுமுன் ஆக்குநர் தம் தளத்தைச் சுற்றிப் பார்த்துக் குறை களையலாம்.

அதன்பின் பாதுகாப்புச் சான்றிதழ் பெறல் வேண்டும். 2015 டிசம்பரிற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட லெற்ஸ் என்கிரிப்ற் என்னும் சேவை இதனை இலவசமாக வழங்குகின்றது. சான்றிதழ் குறித்த காலத்துக்கே செல்லுபடியாகும். தானே புதுப்பிக்குமாறு அமைத்தல் மறக்கற்பாலதன்று.

வீட்டுப் பழக்கங்களைக் களைதல்

வீட்டில் நாம் பூட்டாது வைக்கும் பெட்டியைத் தெருவில் வைக்கும்போது பூட்டவேண்டும். எக்ஸாம்ப் தொகுதியில் தரவுத்தளத்தின் தலைமைப் பயனருக்குத் தொடக்கத்திற் கடவுச்சொல்லே இல்லை. தன்னந்தனிக் கணினியில் அது பெருந்தீங்கன்று. வெளியில் அதுவே வாயிலைத் திறந்து வைத்தலாம். ஆகவே புதிய இடத்தில் அத்தளத்துக்கென்றே ஒரு பயனரை அமைத்து, வலிய கடவுச்சொல்லும் வேண்டிய அளவு உரிமையும் மாத்திரம் கொடுத்தல் வேண்டும். பிழை நேர்ந்தால் அதன் விவரத்தைத் திரையிற் காட்டுமாறு ஆக்குங்காலத்தில் அமைத்திருப்பர். அவ்விவரத்திற் கோப்புக்களின் இருப்பிடமும் அட்டவணைகளின் பெயரும் வெளிப்படும். தீயோர்க்கு அவை வழிகாட்டியாகும். அதனை நிறுத்தி, பிழைகளை ஒரு பதிவேட்டில் மாத்திரம் எழுதுமாறு செய்தல் முறை. சோதனைக்கென அமைத்த பயனர்களையும், அண்மையில் ஏற்றிய கட்டளைக் கோப்பையும் சேவையகத்திலிருந்து நீக்கல் வேண்டும். பின்னையதனை மறப்போர் மிகப் பலர்; தரவுத்தளம் முழுவதும் எவரும் இறக்கிக்கொள்ளத்தக்க ஒரே கோப்பாக அங்கே கிடக்கும்.

எஞ்சுவது படிகளைப் பற்றிய கருத்து. குடிபெயர்ந்தபின் வெளியிலுள்ளதே மூலம் ஆகின்றது. அங்குப் புதியன சேர, வீட்டுப்படி பழையதாகின்றது. எனவே வெளியிலிருந்து வீட்டுக்கு ஒழுங்காகப் படியெடுத்தல் வேண்டும். எடுத்த படி உயிர்க்கின்றதா என்பதையும் இடையிடையே இயக்கிப் பார்த்தல் வேண்டும். 2017 ஜனவரி 31 ஆம் நாள் கிற்லாப் என்னும் நிறுவனத்திற் பொறியியலாளர் ஒருவர் தவறுதலாக இயங்கும் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பலவகைக் காப்பு முறைகள் இருந்தும் வேண்டியபோது அவை கைகொடுத்தில. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காக எடுக்கப்பட்ட படி ஒன்றே அவர்களைக் காத்தது. அந்நிறுவனம் நிகழ்ந்ததை மறையாது உலகுக்கு எழுதி வெளியிட்டது போற்றத்தக்கது.

படியின் அருமையை நம் நாட்டவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மூண்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஏட்டுச் சுவடிகளும் அவற்றுள் அடங்கும். பிறிதோரிடத்திற் படி இருந்த நூல்களை மீளத் தேடிச் சேர்க்க முடிந்தது, படியில்லாதன போயொழிந்தன. 2005 ஆம் ஆண்டில் இணையத்திற் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் நம்மவரின் நூல்களையும் மலர்களையும் இன்று எவ்விடத்திலிருந்தும் படிக்கத் தருகின்றது.

ஆதலின், தம் கணினியில் ஒரு தளத்தை ஆக்கிவைத்திருக்கும் மாணவர், பணி முடிந்தது என அமைதல் கூடாது. ஒரே கணினியிற் கிடக்கும் தளம், பெட்டியிற் பூட்டிய ஏட்டை ஒத்தது. அதனை வெளிக்கொணருங்கால், தமக்குத் தெரியும் என்பதனால் எழுதாது விட்டவை எவையென ஒவ்வொன்றாகத் தேடி எழுதுக. முகவரி, எழுத்துமுறை, அனுமதி, கடவுச்சொல் என்னும் நான்கனையும் இருமுறை நோக்குக. புதிய வீட்டில் விளக்கேற்றி, ஒவ்வோர் அறையையும் கண்ணாற் கண்டு தெளியும்வரையும் பழைய வீட்டின் திறப்பை எவர்க்கும் கொடாதொழிக.